மீன் குழம்புப் பார்சல் முதல் கருவாட்டு டிரம் வரை: உணவைத் தொடும் பிளாஸ்டிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மதிய நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் சற்று நின்றால், அடுப்பிலிருந்து இறக்கிய மீன் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, வாயை முறுக்கி, நூலால் கட்டிக் கொடுப்பதைப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருட்கள் உணவுக்குள் கசிவதைக் கூட்டுபவை முக்கியமாகச் சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் ஆகிய நான்கும்தான். புளி கரைத்து ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்க வைத்த குழம்பில் முதல் மூன்றும் இருக்கின்றன. வீடு போய்ச் சேரும்வரை கவரிலேயே கிடப்பதால் நான்காவதும் வந்து சேர்கிறது. அந்தக் கவர் 'ஃபுட் கிரேடு', அதாவது உணவு வைக்கத் தகுந்தது, என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த உணவுக்கு, எவ்வளவு சூட்டில், எத்தனை நேரத்துக்கு என்று கேட்காமல் அந்தச் சொல்லை நம்புவதுதான் முதல் தவறு.

விதிகளும் இந்தக் கணக்கில்தான் அமைந்துள்ளன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் செல்லும் மொத்தக் கசிவு ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமையோ, ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராமையோ தாண்டக் கூடாது. சில பொருட்களுக்குத் தனி வரம்பும் உண்டு. ஆன்டிமனி என்ற தனிமத்துக்கு அது கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் மட்டுமே. கசிவை அளக்கும் முறை ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தரநிலையில் உள்ளது. அதில் உணவுக்குப் பதிலாகத் திரவங்களைக் கொண்டு சோதிக்கிறார்கள்: நீர்த்தன்மையுள்ள உணவுக்குக் காய்ச்சி வடித்த நீர், புளிப்புக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்ப்பசைக்கு ஹெப்டேன் என்ற கரைப்பான் என்று உணவுக்கு உணவு திரவம் மாறும். வடித்த நீரில் மட்டும் தேறிய டப்பாவில் எலுமிச்சை ஊறுகாயையோ, மணிக்கணக்கில் தேங்காய்ப்பால் சுண்டக் கிண்டிய கீழக்கரைத் தொதல் இனிப்பையோ சூடு ஆறுமுன் அடைத்தால், அந்தச் சோதனை அறிக்கையால் ஒரு பயனும் இல்லை. டப்பா மொத்தமாக வாங்கும் சிறு தொழில் செய்பவர்களும் மகளிர் குழுவினரும் அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தத் திரவத்தில், எத்தனை டிகிரியில் சோதித்தார்கள் என்ற இரண்டு வரிகளையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

டப்பாவின் அடியில் உள்ள முக்கோணத்தையும் எண்ணையும் பார்த்து முடிவு செய்வது மற்றொரு தவறு. 1 முதல் 7 வரையிலான அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. 5 என்றால் பாலிபுரோப்பிலீன். அந்த 5 பெயின்ட் வாளியின் அடியிலும் இருக்கும். அதேபோல, பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் 14 இலக்க உரிம எண் உணவுத் தொழில் செய்பவருக்குக் கொடுக்கப்பட்டது. கலனுக்குக் கொடுத்த சான்று என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது டிரம்தான். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கிச் சேமிக்கும் கடற்கரை இது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்மை வாங்கி, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, குடிதண்ணீர் பிடித்து வைக்கிறோம், மீனுக்கு உப்புப் போடுகிறோம். முன்பு அதில் என்ன இருந்தது என்பது விற்றவருக்கே பெரும்பாலும் தெரியாது. கழுவினால் மேற்பரப்பு சுத்தமாகும். பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறிப்போனது வெளியேறாது. இதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. மீன் குழம்பு வைத்த வெள்ளை டப்பாவை எத்தனை முறை தேய்த்தாலும், குழம்பு நின்ற மட்டம் வரை மஞ்சள் கறை ஒரு கோடாகத் தங்கிவிடும். எண்ணெயும் மஞ்சளும் சுவருக்குள் இறங்கிவிட்டன என்பதே அதற்குப் பொருள். மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது. டிரம்மில் ஊறிய கரைப்பானோ பூச்சிமருந்தோ தெரிவதில்லை.

கருவாடு போடும் இடங்களில் உப்புத் தொட்டிகள் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடக்கின்றன. அப்படிக் கிடந்த ஒரு தொட்டியின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தபோது, சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. உப்பாக இருக்குமோ என்று தண்ணீரில் கழுவினேன், அது கரையவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு பிளாஸ்டிக்கே சிதைந்து உதிர்கிறது. புதிதாக வாங்கியபோது எந்தச் சோதனையில் தேறியிருந்தாலும், இந்த நிலைக்கு வந்த தொட்டியில் நெத்திலியை ஊறவைக்கக் கூடாது.

சந்தையில் மீன் போட்டுத் தரும் கறுப்புக் கவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பல நிறக் கழிவுகளை உருக்கிச் செய்ததை மறைக்கக் கறுப்பு நிறம் வசதியானது. எந்தப் பழைய பொருளிலிருந்து வந்தது என்று தெரியாத மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் உணவை வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்கே 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பனை ஓலைக் கொட்டான் முடையும் ஊர்க்காரர்கள் நாம். மீன் வாங்க ஒரு பாத்திரம் எடுத்துப் போவது பெரிய வேலை இல்லை.

தண்ணீர் பாட்டில்களைக் கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைப்பதும், காலியான பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தனுப்புவதும் ஒரே வகைத் தவறு. அந்த பாட்டில் செய்யப்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் தயாரிப்பில் ஆன்டிமனிச் சேர்மம் பெரும்பாலும் பயன்படுகிறது; சூடு ஏற ஏற அது தண்ணீரில் இறங்குவது அதிகமாகும். 70, 80 டிகிரிச் சூட்டில் அந்த பாட்டில் நெளிந்தும் போகும். வெந்நீருக்கும் குழம்புக்கும் மூடி போட்ட சில்வர் தூக்கைக் கடைக்கே எடுத்துப் போகலாம்; கேட்டால் கடைக்காரர் அதிலேயே ஊற்றிக் கொடுப்பார், கவர் காசு அவருக்கும் மிச்சம்.