கொழுந்துக் காட்டில் ஆட்களை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராகச் சேரும் இளைஞரிடம் முதல் வாரத்திலேயே இருபது, முப்பது பேரை ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய அம்மா வயது. கவாத்து, உரம், மருந்து பற்றி அவர் படித்துவிட்டு வந்திருப்பார். ஆட்களை நடத்துவது பற்றி யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் தோட்டம் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் மஸ்டரில் என்ன பேசினோம் என்பதை வைத்து ஆட்கள் நம்மை எடைபோடுவதில்லை. சாயங்காலம் தராசுப் பக்கத்தில் நின்று என்ன செய்தோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில், தெளிவில்லாத பேச்சு. “நல்ல இலையா பறிங்க, சீக்கிரம் முடிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தேயிலைக் காட்டுக்குப் போய்விடுவது. இரண்டு இலை, ஒரு மொட்டு என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏப்ரல், மே மழைக்குப் பிறகு கொழுந்து பெருகும்போது மூன்றாவது இலையையும் சேர்க்கலாமா? கத்திரியால் வெட்டும்போது கூடவே வரும் தண்டை எவ்வளவு விடலாம்? மொட்டு இல்லாமல் நின்றுபோன துளிரை எடுக்க வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் ‘நல்ல இலை’ என்றால், கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைக்கிற இடத்தில் ஆளுக்கு ஆள் வேறு வேறு இலைதான் வரும். அது அவர்கள் குற்றம் இல்லை.

ஒரு கைப்பிடி இலையைப் பறித்து உள்ளங்கையில் விரித்துக் காட்டுங்கள். மடித்தால் பட்டென்று ஒடிகிற தண்டு சரி, நாராக இழுபடுகிற தண்டு வேண்டாம். இதைச் சொல்ல மொழிகூடத் தேவையில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இப்போது நீலகிரித் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். மஸ்டரில் தமிழில் நடக்கும் நீண்ட பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு அவர்கள் பக்கத்து நிரையை, அதாவது பக்கத்துச் செடி வரிசையில் நிற்பவரைப் பார்த்துத்தான் பறிப்பார்கள். வேலை ஆரம்பித்து அரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்து சாக்கில் கைவிட்டுப் பாருங்கள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இனி தராசு. மழை நாளில் இலை நனைந்து வரும். இலை மேலிருக்கும் தண்ணீருக்கும் சாக்கு எடைக்கும் கொஞ்சம் கழிப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். கழிப்பதற்காக யாரும் கோபப்படுவதில்லை. எவ்வளவு கழிக்கிறோம் என்பது சூப்பர்வைசரின் கண்பார்வைக் கணக்காக இருப்பதுதான் பிரச்சினை. இன்று 30 கிலோவுக்கு 2 கிலோ, நாளை அதே தூறலில் 4 கிலோ என்றால், அந்த இரண்டு கிலோவைப் பற்றி தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் ராத்திரி முழுக்கப் பேச்சு ஓடும். தராசு எண்ணைப் பறித்தவர் பார்க்கும்படி வையுங்கள். கழிவு இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டில் மொத்த எடை, கழிவு, மீதி மூன்றையும் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியவர் சாக்குக்கும் அதே கழிவு.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. திங்கட்கிழமை முற்றல் இலை கலந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் ஒரு அக்காவின் சாக்கைக் கொட்டிப் பொறுக்க வைப்பார். சனிக்கிழமை ஃபேக்டரிக்கு இலை போதவில்லை என்றதும் அதே மாதிரி இலையை ஒன்றும் சொல்லாமல் ஏற்றி அனுப்புவார். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும், லோடு குறைந்தால் மேலிருந்து போன் வரும், எல்லாம் புரிகிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, திங்கட்கிழமை சொன்னது தரத்துக்காகச் சொன்னது என்று யாரும் நம்ப மாட்டார்கள். “அன்னைக்கு அவருக்கு மூடு சரியில்லை” என்றுதான் முடிவுகட்டுவார்கள். தளர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், காலையிலேயே காரணத்தோடு எல்லோருக்கும் சொல்லித் தளர்த்துங்கள்.

மதிப்பீடுகள் என்று பெரிய வார்த்தையில் பேசுவதெல்லாம் மலையில் இரண்டு, மூன்று சந்தர்ப்பங்களில்தான் சோதனைக்கு வருகிறது. மருந்து அடித்த காட்டில் இத்தனை நாள் இலை எடுக்கக்கூடாது என்று லேபிளில் போட்டிருக்கும். பறிப்பு ரவுண்டு தள்ளிப்போய்க் கொழுந்து முற்றுகிறது, இன்னும் இரண்டு நாள் பாக்கி. அப்போது ஆட்களை உள்ளே விட்டால், பாதுகாப்பைப் பற்றி அதுவரை பேசியதெல்லாம் போச்சு. பறிப்பவர் கையிலும் அந்த மருந்து, குடிப்பவர் டம்ளரிலும் அந்த மருந்து. காட்டுமாடும் அப்படித்தான். புதருக்குள் நிற்கிறது என்று முன்னால் போன பெண் சொன்னால், அது விலகும்வரை அந்தக் காட்டை விட்டுவிட்டு வேறு நம்பர் காட்டுக்கு ஆட்களை மாற்ற வேண்டும். “கத்துனா போயிடும், போங்க” என்று அனுப்புவது என்னால் மன்னிக்க முடியாத தவறு. நஷ்டமாகிற நேரம் ஒரு மணியோ இரண்டு மணியோதான். அந்த நேரத்தையும் சேர்த்து முழுப் பேர், அதாவது முழு நாள் வருகை போடுங்கள், கூலியில் கைவைக்காதீர்கள். அப்போதுதான் அடுத்த முறை பார்த்தவர் மறைக்காமல் சொல்வார்.

நிரை பிரிப்பதில் பாரபட்சம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரம் கொழுந்து நிறைந்த நிரை சிலருக்கு, செங்குத்துச் சரிவு சிலருக்கு என்று நிரந்தரமாக இருக்கக்கூடாது. சுழற்சி முறை வையுங்கள், போதும்.

கூப்பிடும் விதத்தைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் காடுகளில் நிற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை அறிந்தவர்கள். அவர்களை, படித்துவிட்டு வந்த 24 வயதுப் பையன் பத்துப் பேர் முன்னால் “ஏய், உனக்கு எத்தன தடவ சொல்றது” என்றால் அன்றைக்கு வேலை நடக்கும், ஆனால் எந்தச் செடியில் சிவப்புச் சிலந்திப் பூச்சி ஏறியிருக்கிறது என்று அவர்கள் வந்து சொல்வது நின்றுபோகும். அக்கா, அம்மா, அண்ணே என்று கூப்பிட்டே கறாராக இருக்க முடியும். தவறைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். இன்னொன்று, பெண்களைப் பற்றிய ஆபாசக் கிண்டலை, சொல்வது மேஸ்திரியாகவே இருந்தாலும், சிரித்துக் கடந்துபோகாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் சொல்கிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா?

மேனேஜர்கள் செய்யும் தவறு வேறு. சூப்பர்வைசர் ஒன்று சொல்லியிருப்பார், மேனேஜர் ஜீப்பை நிறுத்தி நேரே பெண்களிடம் வேறொன்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்கப்புறம் ஆட்கள் யார் பேச்சைக் கேட்பது? மாற்றம் வேண்டுமென்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

விதியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்தால் கழிவு மாறும், டிசம்பரில் உறைபனி விழுந்தால் காலை வேலை நேரம் மாறும். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே மஸ்டரில் சொல்லுங்கள். எடை போடும் ஷெட்டில் பலகையில் எழுதிப் போடுங்கள், தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி. எந்தத் தேதியிலிருந்து என்பதும் அதில் இருக்கட்டும். யாராவது ஏன் என்று கேட்டால், வேலையை நிறுத்தி ஐந்து நிமிஷம் பதில் சொல்லுங்கள்.