அதிமதுரம்: இனிப்புதானே என்று எண்ணிச் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து நாட்டு மருந்துக்கடையில் அதிமதுரம் கேட்டால், பழுப்புத் தோலும் மஞ்சள் நாருமாக நறுக்கிய வேர்த்துண்டோ, சலித்த பொடியோ கிடைக்கும். புகைமூட்ட நாள்களில் தொண்டை கரகரத்தாலும், வகுப்பில் பேசிப் பேசிக் குரல் கம்மினாலும் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம்மிடையே பழைய வழக்கம். வறட்டு இருமலுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இதைக் கையாண்டு வருகின்றன. அந்தப் பயன்களை நான் மறுக்கவில்லை. இனிக்கிறது என்பதால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் விடுவதைத்தான் தவறு என்கிறேன்.

அந்த இனிப்பைத் தரும் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் செயலிழக்காமல் தங்கும் கார்ட்டிசால், உப்பையும் நீரையும் உடலில் நிறுத்திப் பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. மாலையில் காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிவதும், படியேறும்போது தொடை தளர்வதும், இரத்த அழுத்தம் காரணம் தெரியாமல் ஏறுவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில வாரங்கள் நாள்தோறும் ஒன்றரைப் பை கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்ற 54 வயது ஆடவர், பொட்டாசியம் குறைந்து இதயம் நின்று இறந்ததை 2020இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது.

அடுத்த தவறு கரண்டியில் இருக்கிறது. இந்திய அரசின் ஆயுர்வேத மருந்து நூல் பொடியின் அளவை நாளுக்கு 2 முதல் 4 கிராம் என்று வகுக்கிறது. கோபுரமாக அள்ளிய ஒரு தேக்கரண்டியே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்பதால், சமையல் தராசில் ஒருமுறையாவது நிறுத்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய அறிவியல் குழு ஒன்று, நெடுநாள் உட்கொள்வோருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசின் அமிலம் என்று வரம்பு கூறியுள்ளது. வேரில் அது 4 விழுக்காடு இருந்தால், 3 கிராம் பொடியிலேயே 120 மில்லிகிராம் வந்துவிடும். ஆகவே நூல் கூறும் அளவையே எடுத்தாலும் அதை மாதக்கணக்கில் தொடரக்கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை தானாக எடுத்துக்கொள்வோருக்கு 4 வாரத்தையே எல்லையாகச் சொல்கிறது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. சீன மருந்துக்கடையில் கான்சாவ் என்று கேட்டு வாங்குவதும் அதிமதுர இனமே. அதிலும் கிளிசிரைசின் உள்ளது. சீனக் கசாயங்கள் பலவற்றிலும் சில மூலிகைத் தேநீர்களிலும் இருமல் மருந்துகளிலும் அது கலந்திருக்கும். காலையில் நம் பொடி, மதியம் உணவங்காடியில் மூலிகைத் தேநீர், இரவில் இருமல் மருந்து என்று போனால், மூன்றையும் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உயர் இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை, டிகாக்சின் என்னும் இதய மருந்து, ஸ்டீராய்டு எடுப்போருக்கும் இது பொருந்தும். குன்றிமணிக் கொடியின் இனிப்பு வேரை அதிமதுரமாக எண்ணிவிடக்கூடாது. அதன் விதை கொடிய நஞ்சு.

இங்கு விற்கும் இந்திய மரபு மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. எனவே கடையில் இருப்பதாலேயே ஒன்று சோதிக்கப்பட்டது என்று பொருளாகாது.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டால், அதிமதுரத்தையும் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் அதன் விளைவு ஓரிரு வாரம் நீடிக்கக்கூடும். அது தெரியாவிட்டால், அந்த இடைவெளியில் எடுத்த அழுத்த அளவை நம்பி மருத்துவர் மாத்திரையைக் கூட்டிவிட நேரும்.