கணினி அறைக்கு வாயுத் தீயணைப்பு அமைப்பை வடிவமைத்தல்

முதலில் அறையின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். உயர்த்தப்பட்ட தளத்தின் அடியிலும் பொய்க்கூரையின் மேலும் உள்ள இடங்களை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் கேபிள்கள் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகின்றன. எஃப்எம்-200 எனும் தீயணைப்பு வாயுவுக்கு அறைக் காற்றில் ஏறத்தாழ 7 முதல் 8.5 சதவீத அடர்வு தேவைப்படும். அது 10 விநாடிக்குள் பாய்ந்து, பொதுவாக 10 நிமிடமாவது அறையில் நிலைக்க வேண்டும்.

சிலிண்டரின் அளவைப் பற்றியே பலரும் கவலைப்படுகிறார்கள்; ஆனால் வடிவமைப்பைத் தோற்கடிப்பவை பெரும்பாலும் கதவிடுக்குகளும் கேபிள் துளைகளுமே. ஆகவே அவற்றை அடைத்து, கதவில் விசிறி பொருத்திக் கசிவுச் சோதனை நடத்துவதோடு, வாயு பாயும்போது எழும் அழுத்தத்தால் சுவர்கள் சேதமடையாதபடி அழுத்தத் தணிப்புத் திறப்பையும் அமைக்க வேண்டும்.

தனித்தனிச் சுற்றுகளைச் சேர்ந்த இரண்டு புகையுணரிகள் உறுதிசெய்து, எச்சரிக்கை மணி ஒலித்து, காற்றோட்டத் திறப்புகள் மூடிய பின்னரே வாயு வெளியேற வேண்டும். கார்பன் டை ஆக்சைடு தீயை அணைக்கும் அடர்விலேயே உயிரையும் பறிக்கும் என்பதால், ஆட்கள் பணிபுரியும் அறைக்கு அதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.