வீட்டுக்கு மிக் மெஷின் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் என்று பல பக்கமிருந்தும் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு வந்து, "வீட்டு கார் ஷெட்ல வச்சுக்க ஒரு சி.ஓ.2 மெஷின் வாங்கலாம்னு இருக்கேண்ணா" என்று சொல்பவர்கள் இப்போது நிறைய. மிக் மெஷின் என்பதும் இதுதான்: கம்பி தானாக ஓடிவர, கேஸ் மூடிக் காக்கப் பற்றவைக்கும் வெல்டிங் மெஷின். கேட்டுவிட்டு வாங்குபவர்கள் குறைவு. வாங்கிவிட்டு வந்து கேட்பவர்கள்தான் அதிகம். தொழில் பழகிய நாட்களில் நாங்கள் எதில் கையைச் சுட்டுக்கொண்டோமோ, அதிலேயே இவர்களும் போய்க் கையை வைக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் பார்க்காதே, செருப்புக் காலோடு நிற்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை இங்கே எழுதவில்லை.

முன்பக்கத்து ஆம்பியர் எண்ணை நம்பி வாங்குவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. மெஷினின் முகத்தில் 200, 250 என்று பெரிதாக ஒரு எண் இருக்கும். வாங்குபவர் அதைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். "பெருசா வாங்கி வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்" என்று விற்பவரும் சொல்லிவிடுவார்.

குடியாத்தம் ரோட்டில் இருக்கும் ஒரு தம்பி அப்படித்தான் 250 ஆம்பியர் மெஷின் வாங்கினார். வேலை என்ன? வீட்டுக்கு ஒரு கேட், மாடிப்படிக்குக் கைப்பிடி. எல்லாமே 1.6 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூப். முதல் நாள் சின்னச் சின்னப் புள்ளியாக டேக் அடிக்கும்போதெல்லாம் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. மறுநாள் நீளமாகப் பற்றவைக்க ஆரம்பித்ததும் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிட்டது. ஆறிய பிறகு எழுந்தது, மறுபடியும் நின்றது. "மெஷின் போச்சுண்ணா" என்று வண்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

முகத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைப் படியுங்கள். அதில் எக்ஸ் என்ற எழுத்துக்கு நேரே 20%, 60%, 100% என்று இருக்கும். அதுதான் டியூட்டி சைக்கிள். 10 நிமிடக் கணக்கு அது. 200 ஆம்பியருக்கு நேரே 20% என்று இருந்தால், அந்த ஆம்பியரில் 2 நிமிடம் பற்றவைக்கலாம், மீதி 8 நிமிடம் மெஷின் ஆற வேண்டும். அதே மெஷின் நிற்காமல் ஓட வேண்டுமென்றால் 90 ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். இந்தக் கணக்கும் 40 டிகிரி வெப்பத்தை வைத்துப் போட்டது. நம் வேலூரில் கத்திரி வெயிலில் வெளியிலேயே 40 தாண்டுகிறது. தகர ஷெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளேட்டில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி சைக்கிளே எழுதாத மெஷினைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது வீட்டு லைன். 200 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் 24 அளவுக்கு வரும். அதுவே 4,800 வாட். மெஷினுக்குள் போகும் இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து 25 முதல் 35 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் வீட்டில் இருக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியர். அதில் மாட்டி 100, 110 ஆம்பியர் வரை ஓட்டலாம், அதற்கு மேல் போர்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழும். ஆக, கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய அந்த 250ஐ வீட்டு பிளக்கில் ஒரு நாளும் எட்ட முடியாது. பிளேட்டில் ஐ1 மேக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். லைனிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்பது அதுதான். கடையில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தம்பி வீட்டில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 போட்டிருந்தார்கள். சுவருக்குள் ஓடும் வயர் அதே பழைய 2.5 ஸ்கொயர் எம்.எம். தொட்டுப் பார்த்தால் சுவிட்ச் பெட்டியே சூடாக இருந்தது. இது வீட்டைக் கொளுத்தும் வேலை. எம்.சி.பி. இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். பெரிய மெஷின்தான் வேண்டும் என்றால், மெயின் போர்டிலிருந்து 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரில் தனி லைன் இழுத்து, அதற்குத் தனி எம்.சி.பி., 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக், ஒழுங்கான எர்த் எல்லாம் போடுங்கள். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, வீட்டுக்கு எவ்வளவு போதும்? ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பழைய கணக்கு. 1.6 டியூபுக்கு 60, 65. மூன்று மில்லிமீட்டர் ஆங்கிளுக்கு 120. கேட், கிரில், ஸ்டாண்ட் செய்கிறவருக்கு 120 ஆம்பியரில் 60% தரும் மெஷின் தாராளம்.

பழைய மூன்று பேஸ் மெஷின்

ராணிப்பேட்டையில் பெல் ஆலையைச் சுற்றி பேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய. அங்கிருந்து கழித்த 400 ஆம்பியர் மெஷின் சல்லிசாக வரும். அது 415 வோல்ட். வீட்டில் சிங்கிள் பேஸ் என்றால் வாங்காதீர்கள்.

கேஸ் வேண்டாம் என்று வாங்குவது

சிலிண்டர் செலவு மிச்சம் என்று நினைத்து, கேஸ் இணைப்பே இல்லாத மெஷினை வாங்கிவிடுகிறார்கள். அதில் ஓடுவது உள்ளே பவுடர் நிரப்பிய பிளக்ஸ் கம்பி. அதன் கிலோ விலை சாதாக் கம்பியைவிட வெகு அதிகம். பொறி அதிகம், மேலே படியும் கசடைத் தட்டி எடுக்க வேண்டும், புகையும் அதிகம். மெல்லிய டியூபில் பொத்தல் விழாமல் ஓட்டுவது புதியவருக்குக் கஷ்டம். மொட்டை மாடியில் காற்றில் நின்று வேலை செய்ய அந்தக் கம்பி நல்லது, அதை மறுக்கவில்லை. அதனால் இரண்டும் ஓடும் மெஷினாக வாங்குங்கள். பின்னால் கேஸ் டியூப் மாட்டும் இடம் இருக்கிறதா, உள்ளே பிளஸ், மைனஸ் மாற்றும் வசதி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கேஸ் போட்டு ஓட்டும் சாதாக் கம்பிக்கு, கையில் பிடிக்கும் டார்ச் பிளஸில், பிளக்ஸ் கம்பிக்கு மைனஸில் இருக்க வேண்டும். இதை மாற்றாமல் ஓட்டிவிட்டுக் கம்பி மட்டம் என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேன் போட்டுக்கொண்டு பற்றவைப்பது

புழுக்கம் தாங்காமல் போடுகிறார்கள். கேஸ் பறந்துவிடும், பற்றவைத்த இடம் ஓட்டை ஓட்டையாக வரும். உடனே கேஸில் கலப்படம் என்பார்கள். பேனை நிறுத்துங்கள், இல்லை விடிகாலையில் வேலை செய்யுங்கள்.

ஜி.ஐ. டியூப்

மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று நம் ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

எர்த் கிளாம்ப்

பற்றவைக்கும் இரும்பில் மாட்டும் கவ்வி இது. பெயின்ட் மேல் மாட்டாதீர்கள்.

அலுமினியம்

ஆர்கான் கேஸும், கம்பிச் சுருள் டார்ச்சிலேயே இருக்கும் ஸ்பூல் கன்னும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

டார்ச்சைப் பார்க்காமல் வாங்குவது

விலை குறைந்த மெஷின்களில் டார்ச் கேபிள் உள்ளேயே பொருத்தி வரும், கழற்ற முடியாது. உள்ளே கம்பி ஓடும் லைனர் அடைத்தாலோ கேபிள் மடிந்தாலோ மெஷினையே திறக்க வேண்டும். டார்ச்சைக் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டர் உள்ளதாக வாங்குங்கள். வீட்டு வேலைக்கு 15 ஏ.கே. டார்ச் போதும். அதன் முனையில் மாட்டும் டிப், நாசில் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். வாங்கும்போதே 0.8 மில்லிமீட்டர் டிப் பத்தும் ஒரு லைனரும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிப்பில் கம்பி ஒட்டிக்கொண்டால் கடை திறந்திருக்காது.