வெயிலிலும் மழையிலும் தாங்கும் கேமரா பெட்டி: நாமே வடிவமைப்பது எப்படி?

வீட்டுக்கு சிசிடிவி மாட்டும்போது கேமரா மழை தாங்குமா என்று நாலு முறை கேட்போம். நெட்வொர்க் கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச், அடாப்டர் எல்லாம் உட்காரும் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடையில் கிடைத்த ஒன்றை வாங்கி மொட்டைமாடிச் சுவரில் மாட்டிவிடுவோம். சித்திரையில் உள்ளே இருப்பது வேகும், ஐப்பசியில் அதே பெட்டியில் தண்ணீர் நிற்கும்.

மழைக்காக அடைத்தால் சூடு தங்கும், சூட்டுக்காகத் துளை போட்டால் மழை புகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல கூரை ஒன்று போட்டால் இந்த இழுபறியில் பாதி தீர்ந்துவிடும். பெட்டியை இறுக்கி அடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: உள்ளே எத்தனை வாட் சூடு?

நான்கு கேமராவும் சேர்ந்து 25 வாட் எடுத்தாலும் அந்தச் சூடு கேமராவில்தான் வெளிப்படும், பெட்டிக்குள் அல்ல. பெட்டிக்குள் தங்குவது ஸ்விட்ச் தானே தின்னும் மின்சாரமும் அடாப்டரின் இழப்பும்தான். சிறிய அமைப்பில் இது 10 வாட் அளவு இருக்கும். கூடவே ஒரு ரவுட்டர், வைஃபை கருவி என்று சேர்ந்தால் 20 என்று வைத்துக்கொள்ளலாம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் அளந்தே பார்த்துவிடுங்கள்.

படி 2: பெட்டியின் அளவு

அடைத்த பெட்டியில் சூடு வெளியேற ஒரே வழி அதன் சுவர்கள். பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 வாட் வெளியேற்றும். பிளாஸ்டிக் என்றால் சுமார் 3.5.

40 செ.மீ. உயரம், 30 அகலம், 20 ஆழம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தை விட்டால் மிச்சப் பரப்பு 0.4 சதுர மீட்டர். 20 வாட்டை 5.5 × 0.4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 டிகிரி வரும். பிளாஸ்டிக்கில் 14. நிழலில் 40 டிகிரி அடிக்கும் நாளில் இரும்புப் பெட்டிக்குள் 49 டிகிரி.

இப்போது ஸ்விட்சின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். வீட்டு உபயோகக் கருவிகள் பலவற்றில் 40 டிகிரி வரைதான் என்று போட்டிருக்கும். அதாவது பெட்டிக்குள் வைக்கும் முன்பே எல்லையைத் தொட்டாயிற்று. 60 டிகிரிக்கு மேல் தாங்கும் கருவியாக வாங்குங்கள், காசு கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. அடாப்டரில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், 10 டிகிரி கூடினால் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு.

படி 3: கூரையும் நிழலும்

மேலே போட்ட கணக்கு நிழலுக்கு மட்டும். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். மேற்குப் பார்த்த சுவரில் சாயங்கால வெயில் முன்கதவில் மட்டும் 70, 80 வாட் கொட்டும். உங்கள் கருவிகள் மொத்தமாகத் தருவதே 20தான்! அடர் நிறப் பெட்டி இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம், முடிந்தால் வடக்குச் சுவர்.

அப்புறம் ஒரு வெளிச்சட்டை. வெள்ளை பெயின்ட் அடித்த அலுமினியத் தகடு அல்லது ஜிஐ ஷீட்டைப் பெட்டியின் முன்னும் பக்கவாட்டிலும் 3 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். வெயில் தகட்டைச் சுடும். சூடான காற்று இடைவெளி வழியே மேலேறும், கீழிருந்து புதுக்காற்று வரும். இந்த இடைவெளியை மேலும் கீழும் மூடிவிடாதீர்கள், மூடினால் இவ்வளவு வேலையும் வீண். அதற்கு மேலே, சற்று உயரத்தில், முன்பக்கம் சரிந்த கூரை. எல்லாப் பக்கமும் 10 செ.மீ.யாவது நீட்டி, ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்குங்கள். மடக்காவிட்டால் தண்ணீர் தகட்டின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து உள்ளே வரும்.

இது புதிய யோசனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வெப்பமானிகளுக்காக வடிவமைத்த வெள்ளைப் பெட்டியை வானிலை நிலையங்களில் இன்றும் பார்க்கலாம். இரட்டைக் கூரை, சாய்ந்த பலகைச் சுவர்கள். வெயிலும் மழையும் நேராக விழாது, காற்று மட்டும் தாராளமாகப் போகும்.

படி 4: தண்ணீருக்கு வழி

கேபிள்கள் எல்லாம் அடிப்பக்கத்தில் இருந்துதான் நுழைய வேண்டும். மேலே ஒரு துளைகூட வேண்டாம். கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் திருகுமூடிக்கு கிளாண்டு என்று பெயர். ஒவ்வொரு கேபிளையும் கிளாண்டுக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலேற்றுங்கள். வழிந்துவரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஒரு கிளாண்டில் இரண்டு மூன்று கேபிளைத் திணித்து சிலிக்கான் பூசுவது நம் ஊர் வழக்கம். அதைச் செய்யாதீர்கள்.

படி 5: பெட்டி மூச்சு விடட்டும்

பெட்டியின் தரக்குறியீடு ஐபி65 என்றால் தூசி புகாது, குழாய் நீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். அப்படியானால் தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? வெயிலில் 60 டிகிரிக்குச் சூடான பெட்டிமேல் திடீர் மழை விழுந்து 30 டிகிரிக்கு இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். நம்முடைய 24 லிட்டர் பெட்டி ஏறத்தாழ 2 லிட்டர் காற்றை வெளியிலிருந்து இழுக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கட் ஓரத்தில் மழைநீர் நின்றால் அதையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். வெறும் ஈரக்காற்று வந்தாலும் இரவில் குளிர்ந்து துளியாகப் படியும்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களின் பக்கத்தில் ஒரு சிறு குப்பி தொங்குவதைக் கவனித்திருக்கலாம். எண்ணெய் விரிந்து சுருங்கும்போது வந்துபோகும் காற்று அதிலுள்ள சிலிக்கா ஜெல் வழியாகப் போய் ஈரத்தை இழக்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. காற்றை மட்டும் விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் சவ்வு வைத்த வென்ட் பிளக் ஒன்றை அடிப்பக்கத்தில் பொருத்தினால் போதும். இது அழுத்தத்தைச் சமன்செய்ய மட்டும்தான், குளிர்விக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூடவே, அடியின் தாழ்ந்த மூலையில் 6 மி.மீ. வடிகால் துளை ஒன்று போடச் சொல்வேன். 2, 3 மி.மீ. துளையில் நீர் இறங்காமல் தொங்கி நிற்கும். துளை போட்டால் ஐபி65 போய்விடுமே என்பீர்கள். போகட்டும். கூரைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு அது பெரிய நட்டமில்லை. உள்பக்கம் துருப்பிடிக்காத வலை மட்டும் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் எறும்பும் குளவியும் குடிவந்துவிடும்.

படி 6: உள் அடுக்கு

அதிகம் சூடாகும் அடாப்டர் மேலே, ஸ்விட்ச் கீழே, இரண்டுக்கும் நடுவே இடம். அடியில் 5 செ.மீ. காலியாக இருக்கட்டும். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பெட்டிக்கும் கதவுக்கும் எர்த், லைனுக்கு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

சோதனை

வெயில் உச்சியில் இருக்கும் நாளில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, அதிகபட்ச வெப்பத்தைப் பதிவுசெய்யும் சிறு வெப்பமானியைப் பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள். சாயங்காலம் அளவைக் குறித்துக்கொண்டு, பெட்டிக்கு வரும் இணைப்பை எம்சிபியில் நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துக் கதவைப் பூட்டுங்கள். பெட்டி சூடாக இருக்கும்போதே தோட்டக் குழாயால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பத்து நிமிடம் நனையுங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத் திறந்தால், தாளில் ஈரம் பட்ட இடமே எந்த கிளாண்டை மறுபடி இறுக்க வேண்டும் என்று காட்டும். உள்ளே ஈரம் துளிகூட இல்லை என்று உறுதியான பிறகே எம்சிபியைப் போடுங்கள்.