கொழும்பு வெக்கையில் பூச்சாடி வாடாதிருக்க

மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த ரோசாவும் கார்னேஷனும் கொழும்பின் புழுக்கத்தில் விரைவில் தலை சாய்த்துவிடுவதால், வீட்டிலேயே பூ அலங்காரம் செய்ய விரும்புவோர் இந்த வெக்கைக்குப் பழகிய அந்தூரியத்தையும் டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டையும் தெரிவு செய்வதே நல்லது என்பது என் எண்ணம்.

காம்பின் நுனியைக் கூரிய கத்தியால் சரிவாக, முடிந்தால் நீருக்குள் வைத்தே வெட்டினால், காற்றுக்குமிழ் புகுந்து நீர் ஏறும் வழியை அடைக்காது. நீரில் அமிழும் இலைகள் அழுகிப் பக்டீரியாவைப் பெருக்கும் என்பதால், அவற்றை ஒன்றுவிடாமல் அகற்றி, நாள்தோறும் சாடியைக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். இந்தச் சிறு வேலை பெரிதும் உதவும்.

காம்புகளைச் செருகி நிறுத்தக் கடைகளில் கிடைக்கும் பச்சை நுரைக்கட்டி மக்காத பிளாஸ்டிக் ஆகையால், அதற்குப் பதிலாகக் கோழிக்கூட்டுக் கம்பி வலையைச் சுருட்டிச் சாடிக்குள் இட்டால், காம்புகள் வைத்த இடத்தில் நிற்கும். பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயு ஓர்க்கிட்டை வாடச் செய்யும் என்பதால், பழத்தட்டுக்கு அருகே சாடியை வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்தூரியம் கறுத்துவிடும். பசுமைக்கு வேலியோரத்துக் குரோட்டன் இலைகளே போதும்.