நெல்லைச் சீமையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை வருகிறவர்களுக்கு

திருநெல்வேலிக்கு முதல்முறை வருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். காலையில் குற்றாலத்தில் குளியல், மதியம் ஒரு பெரிய கோயில், சாயங்காலம் பாபநாசம், இரவு அல்வா வாங்கிக்கொண்டு ரயில். இந்தத் திட்டம் பாதி நாளிலேயே குலைந்துவிடும். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருக்கும். பாபநாசம் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்து, வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு மேலே விடமாட்டார்கள்.

இங்கே பார்க்க இடங்களுக்குக் குறைவே இல்லை. எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீருக்கு மாதம் பார்க்க வேண்டும், கோயிலுக்கு வேளை பார்க்க வேண்டும், காட்டுக்கு வெளிச்சம் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் பொருத்தி வைத்துக்கொண்டால் மூன்று நாளில் நிம்மதியாகப் பார்க்கலாம். தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் மலையும் ஆறும் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

குற்றாலச் சாரல் வேண்டுமென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சத்தை இந்தப் பக்கம் தூவும். அதுதான் சாரல். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும், குடை பிடித்தாலும் பயனில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அணைகள் நிரம்பும் காலம், அருவிகளிலும் தண்ணீர் கொட்டும். ஆனால் தடையும் அடிக்கடி வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இந்த மாதங்களில் வருவதானால் ஒரு நாளைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கோயில், சிற்பம், பறவைகள்தான் உங்கள் ஆசையென்றால் ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. நான் முதலில் சிபாரிசு செய்வதும் இந்த இரண்டு மாதங்களைத்தான். கூட்டம் குறைவு, வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் குற்றாலம் பெரும்பாலும் வறண்டிருக்கும். அப்போதும் பாபநாசத்தில் அகத்தியர் அருவியில் தண்ணீர் விழும்.

படி 2: முதல் நாளை நகருக்கே கொடுங்கள்

வந்திறங்கியதும் மலைக்கு ஓடாதீர்கள். காலை 7 மணிக்கெல்லாம் டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்குள் இருங்கள். மணிமண்டபத்தில் இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒரு பெரிய தூணைச் சுற்றி மெல்லிய தூண்கள் கொத்தாக நிற்கும், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும். ஆனால் தயவுசெய்து தட்டாதீர்கள். பல நூற்றாண்டுகள் நிற்கும் கல், ஆயிரக்கணக்கான கைகள் தட்டினால் தேயத்தான் செய்யும். நடராசர் ஆடியதாகச் சொல்லும் ஐந்து சபைகளில் தாமிர சபை இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. இன்னொரு சபையை மூன்றாம் நாள் குற்றாலத்தில் பார்க்கப்போகிறீர்கள்.

அங்கிருந்து நேராகக் கிருஷ்ணாபுரம். திருச்செந்தூர் சாலையில் 13 கிலோமீட்டர்தான். நண்பகலுக்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் 12 மணியை ஒட்டி நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலைப் பலர் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் ஆள் உயரத்துக்கு, தூணோடு தூணாக, ஒரே கல்லில் நிற்கின்றன. இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவனின் சிற்பத்துக்கு முன்னால் நின்று, முகத்தை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். பாரத்தைத் தாங்கும் உடம்பில் விலா எலும்புகள் தெரியும். கையில் நரம்பு புடைத்திருக்கும், விரல் நகம்கூடத் தனியாகத் தெரியும். அப்புறம் கர்ணனிடம் போய் அவன் கையில் இருக்கும் நாகாஸ்திரத்தைப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் கல்லின் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். அதற்காகவும் காலையில் போவது நல்லது. குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். 1843-ல் திறந்த பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, வேலை பார்த்த அந்த முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டியது. கீழே ஓடும் தாமிரபரணி எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் நாளைக்குப் போகிறோம்.

படி 3: இரண்டாம் நாள், காடு

விடிந்ததும் அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்புங்கள். ரயிலும் உண்டு, புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசம் பஸ்ஸும் உண்டு. சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், மேற்கே மலை. இரவு தங்க அம்பாசமுத்திரம் வசதியான ஊர், அறையைப் போட்டுவிட்டுப் பையை இறக்கி வைத்துவிட்டு மேலே போங்கள்.

பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடியில் வண்டியையும் பையையும் பார்த்துத்தான் விடுவார்கள். பிளாஸ்டிக் பை, மது இரண்டும் கூடாது. மாலையில் எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள். ஒருமுறை சாப்பாட்டுக்குப் பழகிய குரங்கு காட்டை விட்டுச் சாலையோரமே கிடக்கும், வண்டியில் அடிபடும்.

முதலில் அகத்தியர் அருவி. இங்கே குளித்துவிடுங்கள், சில நாட்கள் குற்றாலத்தைவிட இங்கேதான் நிம்மதியான குளியல். அடுத்து சொரிமுத்து அய்யனார் கோயில், காட்டுக்கு நடுவே ஆற்றங்கரையில். அங்கே பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்புகள் காணிக்கையாக வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாடுகளைக் காக்கப் போய் உயிர் விட்ட முத்துப்பட்டன்தான் இங்கே பட்டவராயன். தெற்கத்தி வில்லுப்பாட்டில் இன்றும் பாடுகிற கதை. கோயிலுக்குள் செருப்பு வரக்கூடாது என்கிற நாட்டில், ஒரு தெய்வத்துக்குச் செருப்பையே காணிக்கையாக வைக்கிறார்கள். நெல்லை மண்ணை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் இந்தச் சந்நிதியைத்தான் காட்டுவேன். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் மட்டும் வேண்டாம். அது குடும்பம் குடும்பமாக வந்து தங்கிக் கும்பிடுகிற திருவிழா, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடமிருக்காது.

அதற்கும் மேலே காரையார் அணை. அதைத் தாண்டிக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை உச்சிக்கு ஏற ஆசைப்படுகிறவர்கள், கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து அந்த மாநில வனத்துறையின் அனுமதிச் சீட்டோடுதான் போகிறார்கள்.

மாஞ்சோலை பற்றி எல்லோரும் கேட்பார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைக் காடு. 2024-ல் தோட்ட வேலை நின்றுபோய், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள் பலர் இறங்கிவிட்டார்கள். போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் மணிமுத்தாறு அணையோடு திரும்பிவிடுங்கள்.

கீழே இறங்கியதும் பாபநாசநாதர் கோயில் படித்துறை. தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயங்களில் முதலாவது இது. பரிகாரம் செய்கிறேன் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடுகிற வழக்கம் இங்கே பெரிய கேடாகிவிட்டது. அந்தத் துணி படித்துறைக்குக் கீழே பாறையில் சிக்கி அழுகுகிறது. இந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள். யார் சொன்னாலும் துணியை ஆற்றில் விடாதீர்கள்.

மாலை 4 மணிக்கு மேல் ஒரு ஆட்டோ பேசித் திருப்புடைமருதூர் போங்கள். தாமிரபரணியோடு கடனாநதி சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் மரத்தூண் சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி வேண்டும், கோயில் அலுவலகத்தில் பக்குவமாகக் கேளுங்கள். டார்ச் கொண்டுபோங்கள், ஆனால் ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். இறங்கி வரும் நேரத்தில் ஆற்றங்கரை மருத மரங்களுக்குப் பறவைகள் அடையத் திரும்பும். ஊர்க்காரர்களே காப்பாற்றி வரும் பறவைகள் அவை.

படி 4: மூன்றாம் நாள், தென்காசியும் குற்றாலமும்

அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்கு ரயிலில் போங்கள், இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஆழ்வார்குறிச்சி, கடையம், பாவூர்சத்திரம் என்று வழி முழுக்க மலை கூடவே வரும். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். பாரதியும் சில காலம் அங்கே வாழ்ந்தார். ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு, நேரத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில், 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பாழடைந்து கிடந்த ராஜகோபுரம் 1990-ல் மறுபடி எழுந்தது. வாசலில் நுழையும்போது காற்று முகத்தில் அடிக்கும், உள்ளே கொஞ்சம் நடந்ததும் அதே காற்று முதுகில் தள்ளும். சாரல் காலத்தில் இது இன்னும் பலமாக இருக்கும். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதும் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் அடி பணிகிறேன் என்று அந்த அரசன் கல்வெட்டில் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான்.

மதியச் சாப்பாட்டுக்குச் செங்கோட்டை போகும் வழியில் பார்டர் புரோட்டா. சரி, அடுத்தது அருவி. கிளம்புவதற்கு முன்னால் ஆட்டோக்காரரிடமோ கடைக்காரரிடமோ கேளுங்கள்: “அண்ணாச்சி, மெயின் அருவில குளிக்க விடுதாங்களா?” இணையத்தைவிட இந்தப் பதில் சரியாக இருக்கும். மெயின் அருவி என்கிற பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் தடைதான். ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று மற்ற அருவிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எங்கேயும் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இரைச்சல் கூடினாலோ, விசில் சத்தம் கேட்டாலோ யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

குளித்துத் துணி மாற்றிவிட்டு, மாலை நடை திறந்ததும் குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவத்தில் கட்டிய கோயில் இது. ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்ச தூரத்தில் தெப்பக்குளத்தோடு தனியாக நிற்கிறது சித்திர சபை. சிலைக்குப் பதிலாகச் சுவரில் தீட்டிய நடராசர், சுற்றிலும் சுவர் நிறைய ஓவியங்கள். அருவிக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே போகிறார்கள். அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். சீசனில் வெளியே மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: இன்னும் ஒரு நாள் இருந்தால்

ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வந்திருந்தால் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊர்த்தெரு மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். மற்ற மாதங்களில் கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் கழுகுமலைக்குப் போங்கள். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, முடிக்கப்படாமலே நிற்கிறது. பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். நிழல் கிடையாது, பாறை 10 மணிக்கே சுடத் தொடங்கும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு 9 மணிக்குள் ஏறிவிடுங்கள்.